கொழும்பில் ரோட்டரி கார் வைத்திருக்கிறீர்களா? பவரை அப்புறம் பார்க்கலாம், முதலில் சூடு

மஸ்டாவின் ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8 கைக்கு வந்ததும் நம்ம ஆட்கள் முதலில் தேடுவது சத்தம் போடும் எக்ஸோஸ்ட், அடுத்தது ஓபன் ஏர் ஃபில்டர், அதற்கடுத்து "மச்சான், டேர்போ போடலாமா?" இந்த வரிசையில் போனால் சீக்கிரமே எஞ்சினைக் கழற்ற வேண்டிவரும். நம் ஊர் வெயிலும் பின்னேர நெரிசலும் இந்த எஞ்சினுக்கு ஒத்துவராதவை, அதனால் காசைச் செலவழிக்கும் வரிசை வேறு: எஞ்சினின் உடல்நிலை, இக்னிஷன், ஒயில், கூலிங், டயரும் பிரேக்கும், கடைசியில்தான் பவர்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த வரிசை ஏன் என்று புரியும். பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. நடுவில் இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் ஒன்று சுழல்கிறது, அதன் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகத் தகடு. ஆர்எக்ஸ்-8 இல் இருக்கும் 13பி ரெனிசிஸ் எஞ்சினில் அப்படி இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 654 சிசி. பெற்றோல் எரிவது எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில், குளிர்ந்த காற்று வருவது எப்போதும் மறுபக்கத்தில். ஆக ஒரு பக்கம் ஓயாமல் வேகிறது. அந்தச் சீல்கள் தேயாமல் இருக்க எஞ்சின் தானே கொஞ்சம் ஒயிலை உள்ளே விட்டு எரிக்கிறது. "ஒயில் குடிக்குது, விற்றுவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள், அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் டிப்ஸ்டிக் பார்க்காதவருக்கு இந்தக் கார் வேண்டாம்.

எதையும் வாங்குவதற்கு முன் கம்பிரஷன், அதாவது ரோட்டர் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று பாருங்கள். சாதாரண கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் எது கூடவோ அதை மட்டும்தான் காட்டும், ஒரு சீல் போயிருந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்று உள்ள டெஸ்டர் மூன்று முகங்களையும் தனித்தனியாகச் சொல்லும். ரெனிசிஸுக்கு 250 ஆர்பிஎம்மில் 830 கிலோபாஸ்கல் நல்ல அளவு, 680க்குக் கீழே போனால் எஞ்சின் முடிந்த கணக்கு. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கும் இடையில் 100க்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் எந்த வேகத்தில் சுற்றியது என்பதையும் கேட்டு வாங்குங்கள், அது தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

டெஸ்டர் கிடைக்காவிட்டால் காலி வீதி நெரிசலே டெஸ்டர். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ஊர்ந்து போய், நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணுங்கள். காலையில் சட்டென்று பிடிக்கும் எஞ்சின் இப்போது இழுத்து இழுத்துச் சுற்றினால் கம்பிரஷன் குறைவு என்று சந்தேகப்படலாம். விற்பவர் "பற்றரி வீக்" என்பார். இருக்கலாம், நல்ல பற்றரி போட்டு இன்னொரு முறை பாருங்கள்.

அடுத்தது இக்னிஷன். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் நான்கு, பிளக் நான்கு. கீழே லீடிங், மேலே டிரெயிலிங், இரண்டும் வேறு வேறு பிளக், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஆர்எக்ஸ்-8 இன் கொயில்கள் 50,000 கிலோமீற்றர் அளவிலேயே பலவீனமாகிவிடும், பலவீனமான கொயிலால் மிஸ்ஃபயர், மிஸ்ஃபயரால் எரியாத பெற்றோல் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வேட்டருக்குள் போய் அங்கே எரிகிறது, அது உருகி அடைத்துக்கொண்டால் வெளியே போக வழியில்லாத சூடு எஞ்சினுக்கே திரும்பி வந்து சீல்களைத் தின்கிறது. ஒரு கொயிலில் தொடங்கி முழு எஞ்சினில் முடிகிற கதை. அதனால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பார்ட்ஸ் விற்கும் பஞ்சிகாவத்தையில் பம்பர், லைட், கதவு எல்லாம் கழற்றினதே வாங்கலாம், கொயிலையும் பிளக்கையும் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

ஒயிலுக்கு வருவோம். எஞ்சின் தானே விடும் ஒயிலோடு சேர்த்து, பெற்றோல் டேங்கிலும் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஒயில் கலப்பது பலர் வழக்கம். பழைய டூ-ஸ்ட்ரோக் த்ரீவீலர் ஓட்டியவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. ஆனால் அளவு அவ்வளவு வேண்டாம், லீற்றருக்கு 4 மில்லி போதும், 40 லீற்றர் அடித்தால் 160 மில்லி. மலிவு ஒயிலை விட்டுவிட்டு, சாம்பல் குறைவாக விடும் ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரத்தில் வாங்குங்கள்.

கூலிங்தான் கொழும்புக்காரர் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத இடம். ஆர்எக்ஸ்-8 இன் டெம்பரேச்சர் முள்ளை நம்பவே வேண்டாம், சூடு ஏறிக்கொண்டிருந்தாலும் நடுவிலேயே அசையாமல் நிற்கும், அது அசையும்போது காரியம் கெட்டிருக்கும். காரின் கணினி சொல்வதைப் படிக்கும் ஒரு ஓபிடி ரீடரை மாட்டி உண்மையான டிகிரியைப் போனில் பாருங்கள். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் நடுவில் சேர்ந்த தூசியையும் இலையையும் எடுங்கள், ஃபேன் இரண்டும் சுற்றுகிறதா பாருங்கள், பழைய ஹோஸ்களை மாற்றுங்கள். இந்த எஞ்சின் ஒயிலாலும் குளிர்கிறது. சில கார்களில் ஒயில் கூலர் ஒன்று, சிலவற்றில் இரண்டு. ஒன்றுதான் என்றால் இரண்டாவதைப் போடுவது எந்த எக்ஸோஸ்டையும் விடப் பெரிய அப்கிரேட், சத்தம் மட்டும் வராது.

ஓட்டும் முறையும் டியூனிங்கில் சேர்த்தி. கார் கழுவ கேட்டுக்கு வெளியே எடுத்து, சூடாகும் முன்பே நிறுத்தினால் பெற்றோலில் பிளக் நனைந்து அடுத்த முறை பிடிக்காது. அப்படி ஆனால் அக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், பெற்றோல் வருவது நிற்கும், உள்ளே இருப்பது வெளியேறும். நகரத்துக்குள் 2000 ஆர்பிஎம்மிலேயே வாரக்கணக்கில் ஓட்டினால் கரி படிந்து, காற்று உள்ளே வரும் இன்டேக் பாதையைத் திறந்து மூடும் மடல்கள் இறுகும். தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஆறு வேக மனுவல் காரில் இரண்டாம் கியரில் 100 வரை இழுங்கள், சட்டம் மீறாமலே 8000 ஆர்பிஎம் கிட்ட வந்துவிடும்.

இப்போது பவர். ரெனிசிஸில் ஃபில்டர், எக்ஸோஸ்ட், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூன் மூன்றும் சேர்ந்தாலும் கிடைப்பது கொஞ்சம்தான், டேர்போ போடுவது என் பார்வையில் வீண் வேலை. அந்தக் காசில் நல்ல டயர், பிரேக் பேட், ஷொக் வாங்கினால் காரே வேறு மாதிரி திரும்பும். கேட்டலிட்டிக்கை வெட்டி எறிந்தால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள், காற்று இலகுவாகப் போகும் வகையில் ஒன்று போட்டுவிடுங்கள்.

டேர்போவோடு வந்த ஆர்எக்ஸ்-7 எஃப்டி மாடல் வைத்திருக்கும் அதிர்ஷ்டசாலிகளுக்கு எச்சரிக்கை கொஞ்சம் கூட. ஜப்பானில் ஹை-ஒக்டேன் என்று விற்பது பெரும்பாலும் 98 முதல் 100, இங்கே பங்கில் வழக்கமாகக் கிடைப்பதில் உயர்ந்தது 95. ஜப்பான் ஈசியூவுடன் வந்த காரில் அதுவே இறுக்கம், அதற்கு மேல் பூஸ்ட் (டேர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றினால் நொக் வரும், அதாவது பெற்றோல் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும், ஒரே நொக்கில் ஏபெக்ஸ் சீல் உடையலாம், உடைந்த துண்டு போகும் வழியில் டேர்போவையும் கெடுக்கும். எக்ஸோஸ்ட்டை முழுவதும் திறந்துவிட்டால் நீங்கள் கேட்காமலே பூஸ்ட் ஏறும், பூஸ்டைக் கட்டுப்படுத்தும் சின்ன வேஸ்ட்கேட்டால் தாங்க முடியாது. அதனால் காற்று-பெற்றோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீற்றரும் பூஸ்ட் கேஜும் முதலில், நிரல் மாற்றக்கூடிய ஈசியூ அடுத்து, டேர்போவிலிருந்து இறங்கும் எக்ஸோஸ்ட் குழாயான டவுன்பைப் அதற்கும் பிறகு. டியூன் பண்ணுபவரிடம் ரோட்டரி எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். "எல்லா எஞ்சினும் ஒன்றுதான் தம்பி" என்று பதில் வந்தால், தேநீரைக் குடித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.