மருத்துவ ஆய்வுக்கு ஐடி தலைமை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு, 1950-களில் சென்னையில் நடந்தது. அன்று எல்லாமே காகிதம். இன்று இங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுத் தகவல் பெரும்பாலும் கணினியில்தான். ஐடி பொறுப்பில் இருப்பவர் சறுக்கினால் ஆய்வே சறுக்கும்.

பெரிய தவறு, தாமதமாக உள்ளே வருவது. ஆய்வு நெறிப்படி நடக்குமா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி கிடைத்து, நோயாளிகளைச் சேர்க்க ஆரம்பித்த பிறகுதான் பல இடங்களில் ஐடி துறைக்கே சொல்கிறார்கள். அதற்குள் ஆளுக்கொரு எக்செல் முளைத்திருக்கும். புரோட்டோகால், அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்ற திட்டம், எழுதும் கூட்டத்திலேயே போய் உட்காருங்கள். கூப்பிடாவிட்டாலும் கேட்டுப் போங்கள்.

அடுத்தது, வார்டில் எல்லோருக்கும் ஒரே லாகின். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஒரு நோயாளியின் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 1.2 என்றிருந்தது 2.1 ஆக மாறியிருக்கிறது என்று வையுங்கள். யார் மாற்றினார், எப்போது, ஏன்? யார் எதை மாற்றினார் என்று கணினி தானாகக் குறித்துவைக்கும் ஆடிட் ட்ரெயிலில் ‘வார்டு’ என்றுதான் இருக்கும். அந்த எண்ணை எந்தத் தணிக்கையாளரும் நம்ப மாட்டார். இதற்கு நர்ஸைத் திட்டிப் பயனில்லை. புது லாகின் வாங்க மூன்று கையெழுத்தும் ஒரு வாரமும் ஆகும் என்றால், நோயாளியை எதிரே உட்காரவைத்திருப்பவர் வேறு என்ன செய்வார்? அன்றைக்கே லாகின் கொடுங்கள், பகிர்வது தானாகக் குறையும்.

வெளிநாட்டு மென்பொருளை அப்படியே இறக்குவதும் தவறுதான். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-ல் உருவான ரெட்கேப், ஆய்வுத் தகவலைச் சேகரிக்க நல்ல கருவி, லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு இலவசம். ஆனால் படிவத்தை நம் ஊருக்கேற்ப அமைப்பது நம் வேலை. ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்று வைத்தால், நம்மவர்களுக்கு இருப்பதோ இனிஷியல். ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் வெறும் புள்ளி வைப்பார். ஒரே முருகன் இரண்டு பேராகிவிடுவார். பெயரைத் தனிப் பட்டியலில் பூட்டி வையுங்கள், ஆய்வுக்கு எண் போதும். பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு வயதை மட்டும் எழுத இடம் விடுங்கள், இல்லையென்றால் பாதிப் பேர் ஜனவரி 1-ல் பிறந்திருப்பார்கள். அப்புறம், 03/04 என்பது ஏப்ரலா மார்ச்சா என்ற குழப்பம். மாதத்தை எழுத்தில் கேட்டால் தீர்ந்தது.

ஒப்புதல் படிவத்தையும் ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னால் மட்டும் போதாது. அதே அளவு சுலபமான பாதுகாப்பான வழியைக் கையில் கொடுக்க வேண்டும்.

பேக்அப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் தரைத்தளத்தில் சர்வர் வைக்கவே கூடாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மீது சைபர் தாக்குதல் நடந்தபோது, பல நாட்கள் கையால் எழுதித்தான் வேலை ஓடியது. பேக்அப் எடுத்தால் போதாது, அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் பற்றிய இந்திய அரசின் 2019 விதிகளின்படி, மருந்துப் பரிசோதனை ஆய்வில் ஒருவருக்குக் கடுமையான பாதிப்பு வந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஞாயிறு இரவு சர்வர் நின்றால் யாரைக் கூப்பிடுவது? அந்த நம்பரும், சர்வர் இல்லாமலே நிரப்பக்கூடிய அச்சிட்ட படிவமும் ஒவ்வொரு ஆய்வு அறையிலும் இருக்க வேண்டும்.