மழைக்காலத்தில் நத்தையிடமிருந்து செடியைக் காக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில் தோட்டத்துக்குப் போனால், முந்தின நாள் வரை நாலு இலை விட்டு நின்ற கத்தரி நாற்றில் தண்டு மட்டும்தான் மிச்சம் இருக்கும். சாமந்தி நாற்று நட்ட இடமே தெரியாது. விதை போட்டு, தினமும் பார்த்துப் பார்த்து வளர்த்தவருக்கு அது தாங்காது. அந்த ஆத்திரத்தில்தான் பெரும்பாலான தவறுகளைச் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன்.

முதல் தவறு, யார் தின்றது என்று பார்க்காமலே மருந்தைத் தேடுவது. நத்தை இரவில் மேயும், பகலில் ஒளிந்துகொள்ளும். பகலில் மட்டும் தோட்டத்தைப் பார்க்கிறவர் அதைக் கண்ணால் காண்பதே அபூர்வம். அதனால் பழி புழுவின் மேல் விழுகிறது. மழை விட்ட இரவில், எட்டரை ஒன்பது மணிக்கு மேல், டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். இலையின் மேலேயே பிடிபடும். இரவில் முடியாவிட்டால் காலையில் இலையை உற்றுப் பாருங்கள். நத்தை போன வழியில் பசை காய்ந்து, சாய்வெயில் படும்போது ஜரிகை இழை மாதிரி மின்னும். புழு தின்ற செடியில் இலைக்கு அடியில் மிளகை நொறுக்கிப் போட்டது போல எச்சம் கிடக்கும், பசைக்கோடு இருக்காது.

நம் பக்கத்துத் தோட்டங்களில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று, ஓட்டோடு வருகிற பெரிய ஆப்பிரிக்க நத்தை. இது இந்த மண்ணின் பிராணி இல்லை. பென்சன் என்ற நத்தை ஆய்வாளர் 1847-இல் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்து ஒரு தோட்டத்தில் விட்டது, பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. மற்றது ஓடில்லா நத்தை. தட்டையாக, கரும்பழுப்பு நிறத்தில், முதுகின் நடுவே வெளிறிய ஒரு கோட்டோடு ஊர்ந்து போகும். பலர் இதை அட்டை என்று சொல்கிறார்கள். அட்டை இரத்தம் குடிக்கிற புழு, அதற்கும் இதற்கும் உறவே இல்லை.

பெயர் குழம்பினால் மருந்தும் குழம்பும். நத்தை பூச்சி இனம் கிடையாது. கணவாய், சிப்பி இவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது. புழுவுக்கும் பூச்சிக்கும் அடிக்கிற மருந்துகளில் பெரும்பாலானவை இதை ஒன்றும் செய்யாது. ஆனால் நத்தையைத் தின்று நமக்கு உதவுகிற வண்டுகளை அவை கொன்றுவிடும். அமெரிக்காவில் சோயா வயல்களில் இதைக் கண்டிருக்கிறார்கள். விதையில் பூசிய பூச்சிமருந்து நத்தையின் உடம்பில் ஏறியது, நத்தைக்கு எதுவும் ஆகவில்லை, அதைத் தின்ற வண்டு செத்தது. மின்மினியின் புழுப் பருவத்துக்கும் நத்தைதான் சாப்பாடு. கண்ணை மூடிக்கொண்டு மருந்து அடிக்கிற தோட்டத்தில் மின்மினியும் போய்விடும், நத்தை மட்டும் இருக்கும்.

அடுத்தது உப்பு. உப்பு பட்டால் நத்தை உடம்பின் நீரெல்லாம் வெளியேறிச் சாகும், உண்மைதான். ஆனால் தொட்டியிலும் குரோ பேக் என்கிற செடி வளர்க்கும் பையிலும் தூவிய உப்பு எங்கே போகும்? மழையில் கரைந்து அதே மண்ணில் இறங்கி, வேர் தண்ணீர் எடுக்க முடியாமல் பண்ணும். இலை ஓரம் கருகும்போது அது நாம் தூவிய உப்புதான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் வாளியில் கரைத்து, பொறுக்கிய நத்தையை அதில் போடுங்கள். அந்தத் தண்ணீரையும் செடிப்பக்கம் கொட்டாதீர்கள்.

முட்டை ஓட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போடச் சொல்லாதவர்களே இல்லை. கூர்மையாகக் குத்துமாம், நத்தை திரும்பிப் போய்விடுமாம். சவரக் கத்தியின் விளிம்பில்கூடக் காயமில்லாமல் ஏறிப் போகிற பிராணி அது. தனக்குக் கீழே தானே பசையை விரித்துக்கொண்டு நடக்கிறது. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம் முட்டை ஓடு, செம்புப் பட்டை, கரடுமுரடான மணல், மரப்பட்டைத் தூள், கம்பளி உருண்டை எல்லாவற்றையும் லெட்டூஸ் செடிகளைச் சுற்றிப் போட்டுச் சோதித்தது. எதுவும் போடாத செடிக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2018-இல் சொன்னது. நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆப்பிரிக்க நத்தைக்கு ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதற்காகச் சுவரில் அடித்த சுண்ணாம்பையே சுரண்டித் தின்னும். முட்டை ஓடும் அதே சுண்ணாம்புதான். உரமாகப் போடுங்கள், வேலியாக நம்பாதீர்கள்.

சரி, அப்படியானால் எதைத்தான் மாற்றுவது? முதலில் தண்ணீர் விடுகிற நேரத்தை. வேலை முடிந்து வந்து சாயங்காலம் ஊற்றுவது பலருக்கு வசதி. ஆனால் நத்தைக்கு ஊர்ந்து போக ஈரத் தரை வேண்டும், அதை அது வெளியே கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக நாமே தயார் செய்து கொடுக்கிறோம். காலையில் வேர்ப்பக்கம் மட்டும் ஊற்றினால் இருட்டுவதற்குள் மேல்மண் காய்ந்துவிடும். மழை இல்லாத நாட்களில் இந்த ஒரு மாற்றமே நல்ல பலன் தருகிறது.

இதைவிட முக்கியமானது, பகலில் அது ஒளிகிற இடம். செடியைச் சுற்றி எத்தனை காவல் போட்டாலும், இரண்டடி தள்ளி அடுக்கி வைத்த செங்கல் அப்படியே இருந்தால் பயனில்லை. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, தரையோடு ஒட்டிக் கிடக்கும் குரோ பேக், மடித்துப் போட்ட தார்ப்பாய், குவித்த தேங்காய் மட்டை, சுவரோரம் மட்கும் இலைக்குவியல், இவைதான் அதன் வீடு. எங்கள் வீட்டில் குரோ பேக்குகளை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு, அடியில் காற்று ஓடித் தரை காய ஆரம்பித்தது. அந்த வரிசையில் சேதம் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. மண்ணை மூடக் காய்ந்த இலை பரப்புகிற மூடாக்கு நல்லதுதான், நானும் போடுகிறேன். ஆனால் மழை மாதங்களில் இளம் நாற்றின் தண்டை ஒட்டிப் போடுவதில்லை, ஒரு சாண் தள்ளித்தான்.

ஒளிவிடத்தையே பொறியாகவும் வைக்கலாம். பழைய சணல் சாக்கை நனைத்து, உள்ளே பப்பாளி இலையோ முட்டைக்கோஸின் வெளி இலையோ வைத்து, சாயங்காலம் தோட்டத்தில் போட்டுவிடுங்கள். விடிந்ததும் தூக்கினால் ராத்திரி மேய்ந்ததெல்லாம் அங்கே அடைந்திருக்கும். இதில் நடக்கிற தவறு, போட்ட சாக்கை மறந்துவிடுவது. போன வருஷம் ஊருக்குப் போன அவசரத்தில் ஒரு சாக்கை இரண்டு வாரம் அப்படியே விட்டுவிட்டேன். திரும்பி வந்து தூக்கினால், அடியில் ஈரமண்ணில் ஒரு சின்னக் குழி. அதில் மஞ்சளோடிய வெள்ளையில், ஊறிய ஜவ்வரிசி மாதிரி முட்டைகள். எண்ண ஆரம்பித்து நூறு தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒரு நத்தையிலேயே ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு, அதனால் வளர்ந்த எந்த நத்தையும் முட்டையிடும். ஓரிரு வாரத்தில் பொரித்துவிடும். சாக்கு போட்டால் தினமும் காலையில் தூக்கிப் பார்க்க வேண்டும், முடியாத நாளில் போடவே கூடாது.

வெறும் கையால் பொறுக்குவது பெரிய தவறு. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு, தன் வாழ்க்கையின் ஒரு கட்டத்தை நத்தைக்குள் கழிக்கிறது. அது மனித உடம்புக்குள் போனால் மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும். கேரளத்தில் குழந்தைகளுக்கு இப்படி வந்திருக்கிறது. கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளை நத்தையோடு விளையாட விடாதீர்கள். தோட்டத்துக் கீரையையும் கொத்தமல்லியையும் ஒவ்வொரு தண்டாக ஓடும் தண்ணீரில் அலசுங்கள், இலையிடுக்கில் குட்டி நத்தை இருக்கும். பச்சையாகச் சாப்பிடுவதானால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

பொறுக்கியதைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசுவதும் கூடாது. அது திரும்பி வரும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் செடியைத் தின்னும். உப்புத் தண்ணீரில் போட்டுச் செத்த பிறகு ஆழமாகப் புதைத்துவிடுங்கள். வெற்று ஓடுகளையும் அப்படியே விடாதீர்கள். மழைநீர் தேங்கினால் அதில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும்.

கடையில் கிடைக்கும் மெட்டால்டிஹைடு குருணை நத்தையைக் கொல்லும், மறுக்க முடியாது. ஆனால் தவிட்டு வாசனை சேர்த்த தீனி அது. நாய் நக்கித் தின்றால் வலிப்பு வந்து உயிர் போகலாம். பிரிட்டனில் 2022 முதல் வெளித்தோட்டங்களில் இதைப் பயன்படுத்தத் தடை. நாய், பூனை, கோழி, தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் இது வேண்டாம் என்பதே என் முடிவு. செம்போத்து நத்தையை விரும்பித் தின்கிற பறவை, அதன் வயிற்றுக்கும் இந்த விஷம் போகக் கூடாது.

புகையிலைக் கஷாயத்தில் மயில்துத்தம் என்கிற செம்பு உப்பின் கரைசலைக் கலந்து தெளிக்கிற முறையும் இருக்கிறது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் ஆப்பிரிக்க நத்தைக்காகச் சொன்னது. நத்தை கூட்டமாக ஏறும் சுவருக்கும் காலி இடத்துக்கும் அது சரி. அதையே கீரைப் பாத்தியில் தெளிப்பது பெரும் தவறு. செம்பு மண்ணில் தங்கிவிடும், மண்புழுவைக் கொல்லும், இலையையும் கருக்கும்.

கடைசியாக, தை பிறந்து மழை நின்று நத்தை கண்ணில் படாமல் போனதும் பிரச்சினை தீர்ந்தது என்று விட்டுவிடுகிறோம். அது எங்கும் போகவில்லை. ஓட்டின் வாயில் அப்பளம் போல ஒரு வெள்ளைச் சவ்வை மூடிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவரின் நிழல் மூலையிலும் செங்கல் அடுக்கின் இடுக்கிலும் மாதக்கணக்கில் தூங்கும். அந்த நேரத்தில் ஓடாது, ஒளியாது, கூட்டமாக ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கும். நான் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்குகிறேன். செங்கலை ஒவ்வொன்றாகப் புரட்டி, தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் வரை டார்ச் அடித்துப் பார்த்து எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கத்தரிக்கு நாற்று விடுகிறேன்.