பெரியப்பா தூக்கத்தில் உதைத்தால்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் பெரியம்மா கூடத்தில் தனியாகப் படுக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. "விடியக்காலம் நாத்துல எறங்குன மாட்ட விரட்டுறேன்னு என் தோள்ல குத்துறாருடா" என்பார். நாங்கள் சிரித்தோம். முதல் தவறு அதுதான்.

கனவு வரும் ஆர்.இ.எம். தூக்கத்தில் (மூடிய கண்ணுக்குள் விழி வேகமாக அசையும் கட்டம்) கை கால் தசைகள் தளர்ந்து கிடக்க வேண்டும். அந்தப் பூட்டு கழன்றால் கனவில் செய்வதை உடம்பும் செய்யும். 1986-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷென்க், மஹோவால்ட் குழுவினர் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். ஆர்.இ.எம். தூக்க நடத்தைக் கோளாறு என்று பெயர். ஐம்பது வயதுக்கு மேல் காரணமின்றி இது வந்தவர்களில் பலருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் என்ற நடுக்க நோயோ, லூயி பாடி என்ற வகை மறதிநோயோ வருகிறது. 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில் இப்படி ஆனவர்கள் ஆண்டுக்கு 6 சதவீதம் போல இருந்தார்கள். காத்து கருப்பு என்று குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. பெருமாளைக் கும்பிடட்டும், நரம்பியல் மருத்துவரையும் பார்க்கட்டும்.

அப்புறம் இ.இ.ஜி., அதாவது தலையில் மின்முனை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை. விழித்தபடி கண்ணை மூடினால் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 தடவை ஆல்ஃபா அலை ஓடும். இந்த நோய் உள்ளவர்களில் அறிவுத்திறன் குறையப்போகிறவர்களுக்கு அந்த ஓட்டம் மெதுவாகி, தீட்டா, டெல்டா என்ற இன்னும் மெதுவான அலைகள் கூடுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ராத்திரி முழுக்க வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டுக் காலையில் போய் எடுத்தால், அரைத்தூக்கத்திலேயே தீட்டா வந்துவிடும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போனால் மின்முனை சரியாக ஒட்டாது. இந்த நோய்க்குக் கொடுக்கும் குளோனசெபாம் மாதிரி மாத்திரை, பீட்டா என்ற வேகமான அலையைக் கூட்டும், ஆகவே சாப்பிடுவதை மறைக்கக் கூடாது. அதற்காக நாமாக நிறுத்தவும் கூடாது. தூக்கத்தில் எடுத்த அறிக்கையில் 'டெல்டா' என்று பார்த்துப் பதறுவது இன்னொன்று. ஆழ்ந்த தூக்கத்தில் டெல்டா ஓடத்தான் வேண்டும், நம் ஊர் டெல்டாவுக்கும் அதற்கும் கிரேக்க எழுத்து மட்டுமே உறவு.

பகல் இ.இ.ஜி. நார்மல் என்றால் ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. நோயை உறுதி செய்ய, வீடியோவோடு ராத்திரி முழுக்க எடுக்கும் தூக்கப் பரிசோதனை வேண்டும். அலை மெதுவானது என்ற ஒரே தாளை வைத்து மறதிநோய் என்று முடிவு கட்டுவதும் தப்பு. அந்த வித்தியாசம் பல பேரின் சராசரியில் தெரிவது. தனி ஆளுக்கு இன்னதுதான் எல்லை என்று ஒத்துக்கொண்ட எண் இல்லை. அவருடைய பழைய பதிவோடு புதியதை ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

பெரியப்பாவின் முதல் அறிக்கையைப் பட்டா, சிட்டாவோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறோம். கட்டில் தலைமாட்டில் செருகியிருந்த அரிவாளைப் பெரியம்மா அன்றைக்கே கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டார்.