ஐம்பது வெள்ளியை வாங்குமுன்: நாய்க்கடிக்கு இழப்பீடு கேட்கும் வழி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் நாய் யாரையாவது கடித்தால் எப்போதும் ஒரே கதைதான். நாய்க்காரர் ஓடி வருவார். "சின்னப் பல் பட்டதுதானேக்கா" என்று ஐம்பது வெள்ளியை (ரிங்கிட்டை) கையில் திணிப்பார். பக்கத்து வீட்டு முகம் பார்க்க வேண்டுமே என்று கடிபட்டவரும் வாங்கிக்கொள்வார். மூன்றாம் நாள் கால் வீங்கும், ஒரு வாரம் வேலை போகும். அதற்குள் நாயையும் காணோம், நாய்க்காரர் பேச்சும் மாறியிருக்கும்.

என் அத்தைக்கு நடந்ததும் இதுதான். நான் வக்கீல் இல்லை. அத்தைக்காகக் கிளினிக், ஸ்டேசன், கோர்ட்டு என்று அலைந்தவன். முதல் தடவை போகிறவருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் காயம், பிறகு கேஸ்

குழாயைத் திறந்துவிட்டு, சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவினால்தான் அது எவ்வளவு நேரம் என்று புரியும். காப்பித்தூள், மஞ்சள், புகையிலை எதுவும் வேண்டாம். வெறிநாய்க்கடி நம் ஊரில் இல்லை என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வந்தது. சரவாக்கில் 2017 முதல் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஊசி வேண்டுமா, எத்தனை ஊசி என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

கோபத்தில் நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கடித்த நாயைப் பத்து நாளாவது கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். உங்கள் சிகிச்சைக்கும் அது முக்கியம், கேஸுக்கும் அந்த நாய்தான் சாட்சி.

கிளினிக்கில் "நாய் கடித்தது" என்பதோடு நிறுத்தாமல், எங்கே, எத்தனை மணிக்கு, யார் வீட்டு நாய் என்றும் சொல்லுங்கள். கார்டில் அது ஏறட்டும். அரசாங்கக் கிளினிக்கில் கட்டும் ஒரு வெள்ளி ரசீதைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். காயத்துக்குப் பக்கத்தில் இருபது காசு நாணயம் ஒன்றை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். வீக்கம் வற்றும்வரை தினம் ஒரு படம்.

நாய் யாருடையது?

பாதிக் கேஸ்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. கடித்த அன்று "எங்க டைகர்தான், மன்னிச்சிடுங்க" என்றவர், நோட்டீஸ் போனதும் "அது தெருநாய், எப்பவாவது மிச்சச் சோறு போடுவோம்" என்பார். அதனால் அன்றைக்கே, அந்த வீட்டுக் கேட்டுக்குள் நாய் படுத்திருப்பதையும், சங்கிலியையும், சோற்றுத் தட்டையும் வெளியே நின்றபடி படம் எடுத்துவிடுங்கள். கழுத்தில் நகராண்மைக் கழகத்தின் லைசன்ஸ் வில்லை இருந்தால் அதையும் சேர்த்து. நாய்க்காரர் மன்னிப்புக் கேட்டு வாட்சாப்பில் அனுப்பியதை அழிக்காதீர்கள்.

அந்த நாய் முன்பு யாரையாவது துரத்தியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இது வெறும் ஊர் வம்பு இல்லை. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் வழியாக நம் கோர்ட்டுகள் பழைய ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தைப் பின்பற்றுகின்றன. தன் நாய் கடிக்கும் குணமுள்ளது என்று தெரிந்தே வைத்திருந்தவர், அவரின் கவனக்குறைவு என்ன என்று நீங்கள் நிரூபிக்காமலே பொறுப்பாகிறார். அது தெரியாதவர் என்றால், கேட்டைத் திறந்து போட்டார், கட்டாமல் விட்டார் என்று கவனக்குறைவை நீங்கள் காட்ட வேண்டும். எங்கள் பக்கம் காலையில் மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரருக்கு எந்த வீட்டு நாய் எப்படிப்பட்டது என்று அத்துப்படி. அத்தையின் கேஸில் அவர்தான் சாட்சி.

போலீஸ் ரிப்போர்ட்: ஒரு வார்த்தை

அத்தை தமிழில் சொல்ல, அரைகுறை மலாயில் நான் சொல்ல, கான்ஸ்டபிள் தட்டினார். கையெழுத்துப் போட்டு வந்துவிட்டோம். வீட்டில் படித்துப் பார்த்தால், "அஞ்சிங் லியார்" என்று இருக்கிறது. தெருநாய்! நான் சொன்னது "அஞ்சிங் ஜிரான்", பக்கத்து வீட்டு நாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எதிராளி கடைசிவரை தொங்கினார். மறுநாளே போய் இன்னொரு ரிப்போர்ட் கொடுத்து, முதல் ரிப்போர்ட் எண்ணைக் குறிப்பிட்டுத் திருத்தியதால் தப்பித்தோம். கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

ரிப்போர்ட் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. தண்டனைச் சட்டம் 289-ஆம் பிரிவில், ஆபத்தான விலங்கைக் கவனமின்றி விட்டவருக்கு ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். உங்கள் கணக்கைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

வேலை நேரத்தில் கடித்ததா?

ரப்பர் பால்வெட்டும்போது, செம்பனைக் குலை அறுக்கும்போது, வேலைக்குப் போகும் வழியில் கடித்தது என்றால் முதலில் சொக்சோவை, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தைக் கேளுங்கள். தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) உடனே சொல்லுங்கள். தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதைச் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். கடித்த நாளையும் சேர்த்து நாலு நாளாவது எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளும் இதில் உண்டு, பக்கத்து லயத்து வங்காளதேசத் தம்பியிடமும் சொல்லி வையுங்கள்.

தோட்டத்துக் காவல் நாயே கடித்தாலும், சொக்சோவில் பெயர் உள்ள தொழிலாளி அதற்காக முதலாளிமேல் தனியாக இழப்பீட்டுக் கேஸ் போட முடியாது. நாய் வெளியாளுடையது என்றால் அவர்மேல் போடலாம்.

கணக்கும் கடிதமும்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மருந்து, ஊசி, ஈப்போவுக்கு வண்டிச் செலவு, கிழிந்த துணி, போன சம்பளம். இவற்றுக்கு ரசீதும் சம்பளச் சீட்டும் வேண்டும். வலி, தழும்பு, பயத்துக்கு ரசீது கிடையாது, அதைக் கோர்ட்டு தனியாக மதிப்பிடும். பத்தாயிரம் கேள் என்று டீக்கடையில் ஆளாளுக்குச் சொல்வார்கள். காட்ட முடிந்ததைக் கேளுங்கள்.

சிகிச்சை முடியும்வரை "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்ததும் நாய்க்காரருக்கு மலாயில் ஒரு கடிதம்: எந்தத் தேதி, எந்த இடம், என்ன செலவு, 14 நாளில் இவ்வளவு கட்ட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எங்களுக்குத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் எழுதிக் கொடுத்தார்.

கோர்ட்டு

5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். முகப்பில் "போராங் 198", அதாவது 198-ஆம் எண் பாரம் கேளுங்கள். இதில் வக்கீல் வாதாட முடியாது, இரண்டு பேரும் தாங்களே பேச வேண்டும். எதிராளி 14 நாளில் பதில் பாரம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் உங்கள் பக்கம் தீர்ப்புக் கேட்கலாம். 5,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகைக்கு, குறிப்பாகப் பிள்ளையின் முகத்தில் கடித்திருந்தால், வக்கீலைப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் பிள்ளைக்காக வழக்குப் போடலாம். கையில் காசில்லை என்றால் ஈப்போவில் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன. முதலில் போய் ஆலோசனை கேளுங்கள்.

தீபகற்ப மலேசியாவில் நாய்க்காரர்மேல் வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது. நகராண்மைக் கழகம் போன்ற பொது அமைப்பின் மேல் என்றால் 36 மாதம்தான். உண்மையான தெருநாய்க்குக் கழகத்தைக் கோர்ட்டுக்கு இழுப்பது கஷ்டமான வேலை. நாயைப் பிடிக்கச் சொல்லிப் புகார் கொடுப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

விசாரணை அன்று மாஜிஸ்திரேட் முதலில் சமாதானத்துக்குத்தான் வழி பார்த்தார். நாய்க்காரர் இரண்டு தவணையில் கட்டுவதாக ஒப்புக்கொண்டார். "வாய்ப்பேச்சே போதும், ஊர்க்காரர்தானே" என்று அத்தை எழுந்துவிட்டார். நான் அவரை உட்காரவைத்து, அதைத் தீர்ப்பாகப் பதியச் சொல்லிக் கேட்டேன். இரண்டாம் தவணை பத்து நாளாகியும் வரவில்லை. அந்தத் தாளின் நகலை வாட்சாப்பில் அனுப்பினேன். சாயங்காலமே மகனிடம் கொடுத்தனுப்பினார், ஒரு வெள்ளை உறையில், எண்ணி.