பிறந்த குழந்தையை இழந்து வீடு திரும்பும் பெற்றோருக்கு

வயிற்றிலேயே இறந்து பிறந்தாலும், பிறந்த ஓரிரு நாளில் இறந்தாலும், நம் வீடுகளில் பெரியவர்கள் குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிப் போய் அடக்கம் செய்துவிடுகிறார்கள். தாய் கேட்டால், "நீ பார்க்காம இருக்கிறதே நல்லதும்மா" என்கிறார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் பார்க்கணும் என்று தோன்றினால் இருவருமே வாய்விட்டுக் கேளுங்கள், அடக்கம் சில மணி நேரம் பொறுக்கும். மடியில் வாங்கி விரல்களைப் பாருங்கள், யோசித்து வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், போனில் ஒரு படம் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் சரி, யாரும் வற்புறுத்தக் கூடாது.

அப்புறம் பால். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதே இல்லை. மூன்றாம் நாள் வாக்கில் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், நைட்டி நனையும், குடிக்கக் குழந்தை இல்லாமல் பால் சுரக்கும் அந்த நேரம் மிகவும் கொடுமையானது. அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பால் வற்ற மாத்திரை உண்டு, ஆனால் பிரஷர் இருந்தவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வலி தாங்காவிட்டால் கொஞ்சமாகப் பீய்ச்சிவிடுங்கள், முழுக்கப் பீய்ச்சினால் மறுபடி ஊறும். குளிர்ந்த துணி வைக்கலாம். மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் நம் பாட்டிமார் பழக்கத்தை 1980களில் வேலூரில் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, பூவுக்கும் பலன் தெரிந்தது. மார்பு சிவந்து குளிர்காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாய் வீடு திரும்பும் முன் தொட்டிலையும் துணிமணிகளையும் அவசரமாக அப்புறப்படுத்தாதீர்கள். எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று அவள் சொல்லட்டும். ஆனால் பகுதி சுகாதார செவிலியரிடம் மட்டும் யாராவது ஒருவர் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சா?" என்று போன் வரும், அதை எடுப்பது அவளாகத்தான் இருப்பாள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு: மகப்பேறு விடுப்புக்கான சட்டத்தில் குழந்தை என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்த்துத்தான். 26 வாரம் தாண்டியிருந்தால் அது பிரசவக் கணக்கு, அதற்கு முன் கலைந்திருந்தால் ஆறு வாரச் சம்பளத்துடன் விடுப்பு. "குழந்தைதான் இல்லையே, லீவு எதுக்கு" என்று யாராவது சொன்னால் சட்டத்தைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

அப்பாவை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பில் கட்டுவதும், குழி தோண்ட ஆள் பார்ப்பதும், பதிவுக்கு அலைவதும் அவர்தான். வருகிறவர்களோ "அவளைப் பார்த்துக்கோப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர் அழவில்லை என்பதற்காக அவருக்கு வலிக்கவில்லை என்று மனைவி நினைத்துக்கொள்வதும், தான் பேசினால் அவள் உடைந்துவிடுவாள் என்று அவர் வாயை மூடிக்கொள்வதும் நிறைய வீடுகளில் நடக்கிறது. ராத்திரி படுக்கும்முன் இருவரும் குழந்தையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள்.

மூத்த பிள்ளை இருந்தால் "பாப்பா தூங்குது" என்று சொல்லாதீர்கள், பிறகு தூங்கவே பயப்படும். செத்துப்போச்சு, இனி வராது, உன்னால இல்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

வாரங்கள் ஆகியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.