திமிங்கல நாடகம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரை ஒதுங்கிய திமிங்கலத்தின் வாலில் கயிறு கட்டி, அம்பா என்ற மீனவர் வேலைப்பாட்டைப் பாடி, ஊரே கூடிக் கடலுக்குள் இழுத்துவிடும் காட்சி கைத்தட்டல் வாங்கும். நாடகத்தின் மிகப் பெரிய தவறும் அதுதான். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் இன்று பார்த்ததை நாளை கரையில் அப்படியே செய்வார்கள். வாலைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும், தோல் கிழியும், கடலுக்குள் போனாலும் நீந்த முடியாது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் படாத பாடுபட்டு ஆழத்தில் கொண்டுபோய் விட்டும் பல திரும்பி வந்து கரையிலேயே செத்தன. அவர்களிடம் மனசுக்குக் குறைவில்லை. தெரிய வேண்டியது முறை. அதைத்தான் நாடகம் காட்ட வேண்டும்.

உச்சக் காட்சியை மாற்றி எழுதுங்கள். ஒருவர் கடலோரக் காவலின் உதவி எண் 1093-ஐ அழைக்கிறார். நால்வர் கயிறு பிடித்துக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துகிறார்கள். பெண்கள் நனைத்த வேட்டிகளை முதுகில் போர்த்த, இருவர் பக்கத்துடுப்புகளுக்கு அடியில் மணலைத் தோண்டுகிறார்கள். தரையில் கிடக்கும் திமிங்கலத்தின் நுரையீரலை அதன் எடையே அமுக்கும். அது பக்கவாட்டில் சாயாமல் வயிறு கீழே இருக்கும்படி பார்க்க வேண்டும். உச்சந்தலையிலுள்ள மூச்சுத்துளையில் துணி, மணல், தண்ணீர் எதுவும் படக் கூடாது. இதை வசனமாகச் சொன்னால் யார் மனதிலும் நிற்காது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குடத்தோடு ஓடிவந்து தலையில் ஊற்றப் போகட்டும். ஒரு பாட்டி குடத்தைப் பிடுங்கட்டும். அம்பாவை வெட்ட வேண்டாம், தண்ணீர் குடம் கைமாறும் வரிசைக்கு அதைப் பாடலாம்.

பொம்மை செய்யும்போது வாலைக் கவனியுங்கள். திமிங்கலத்தின் வால் தட்டையாகக் கிடக்கும், மேலும் கீழும் அடிக்கும். மீன் வால்போல் செங்குத்தாக வைத்தால் அதைக் கடலில் கண்டவர்கள் மீதிக் கதையை நம்ப மாட்டார்கள். மூங்கில் பிளாச்சில் ஆறு வளையம், மேலே கறுப்புத் துணி, 15 அடி நீளம், உள்ளே நான்கு பேர்: பைலட் திமிங்கலத்துக்கு இந்த அளவு சரி. திமிங்கலச் சுறாவையும் இதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அது மீன்; செங்குத்தான வால், பக்கத்துக்கு ஐந்து செவுள் பிளவுகள், வெள்ளைப் புள்ளிகள். வலையில் சிக்கினால் தண்ணீரில் இருக்கும்போதே வலையை அறுத்துவிட வேண்டும்.

வலையை அறு என்பது சுலபமான வசனம். வலை கடனில் வாங்கியது. அந்த இழப்பைப் பேசாமல் மீனவரை வில்லனாக்கினால் நாடகம் பாதியிலேயே தோற்றது. திமிங்கலச் சுறா 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆனாலும் அதைக் காக்க 2004-இல் குஜராத்தில் தொடங்கிய பிரசாரம் சட்டத்தைக் காட்டி மிரட்டவில்லை. ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு அந்தச் சுறாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்றார். தெருநாடகமும் அதையே சொன்னது. அறுத்த வலைக்கு அரசு நிவாரணமும் வந்தது.

அந்தக் கதையை அப்படியே இங்கே இறக்குவதும் தவறு. நம் மணலுக்கு முட்டையிட வருவது பங்குனி ஆமை. தாய்வீடு என்ற சொல் அதற்கே பொருந்தும். வலையில் மயங்கிய ஆமையை உடனே கடலில் வீசினால் மூழ்கிச் சாகும். பின்பக்கத்தை அரை அடி உயர்த்தி, நிழலில், ஈரத்துணியோடு சில மணி நேரம் படகிலேயே வைக்க வேண்டும். ஒரு பலகையும் ஒரு துணி ஆமையும் இருந்தால் இந்தக் காட்சி தயார்.

மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி வலை பற்றி ஒரு வரியும் வேண்டாம். அது ஊருக்கு ஊர் தகராறு.

இடம்: அலைச்சத்தம் எட்டாத ஏலக்கூடமோ கோயில் திடலோ. கடலுக்கு முதுகு காட்டி ஆடுங்கள். கடற்காற்று குரலைப் பார்வையாளர் பக்கம் கொண்டுபோகும். மணலில் சலங்கை ஒலிக்காது, பத்துக்குப் பத்தில் பலகை போடுங்கள். உப்பங்காற்றில் பறையின் தோல் தொய்யும். காய்ச்ச வைக்கோல் எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் சீக்கிரம் படுப்பார்கள், மாலை ஆறரைக்குத் தொடங்கி 40 நிமிடத்தில் முடியுங்கள். விசைப்படகுக்காரர்களும் வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலமே நல்லது. தேதியை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டு வையுங்கள். அன்று ஊரில் துக்கம் என்றால் பறையை இறக்காமலே திரும்புங்கள்; மறுதேதி அவர்களே சொல்வார்கள்.