வந்து குடியேறிய ஊரில் வார்டுப் பணியில் இறங்குவது எப்படி

எங்கள் தெருவில் வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சீக்கிய நண்பர் ஒருவர், மதுரைக்கு வந்து பதினொரு ஆண்டுகள் கழித்து, சாக்கடை நீர் வாசற்படி வரை ஏறி நின்ற ஒரு மாலையில், "அண்ணே, நம்ம வார்டு நம்பர் என்ன?" என்று என்னிடம் கேட்டார். மாட்டுத்தாவணியில் மல்லிகை என்ன விலைக்குப் போகிறது என்பது வரை அறிந்தவருக்கு, 100 வார்டுகளும் 5 மண்டலங்களும் கொண்ட இந்த மாநகராட்சியில் தாம் எந்த வார்டில் இருக்கிறோம் என்பது தெரிந்திருக்கவில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு மாநிலத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட எவருக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை வாக்காளர் பட்டியல். பலர் ஓட்டைச் சொந்த ஊரிலேயே விட்டுவைத்திருப்பார்கள். அங்கே பூர்விக வீடு இருக்கிறது, பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். ஆனால் சட்டம் பார்ப்பது நீங்கள் வழக்கமாக வசிக்கும் இடத்தைத்தான். இரண்டு ஊர்ப் பட்டியல்களில் பெயர் வைத்திருப்பதற்கு அது இடம் தருவதில்லை. குடிமாறி வந்தவர்கள் படிவம் 8-ஐயும், இதுவரை எங்குமே பதியாதவர்கள் படிவம் 6-ஐயும் கொடுக்க வேண்டும். 18 வயது நிறைந்ததா என்று கணக்குப் பார்க்கும் தகுதி நாள்கள் ஆண்டுக்கு நான்கு உண்டு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பெயரின் எழுத்துக்கூட்டலில் கூடுதல் கவனம் தேவை. நம் ஊர் அலுவலகங்கள் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தேடும். சிங் என்றும் கௌர் என்றும் முடியும் பெயர்களில் அந்த எழுத்து இருப்பதில்லை. நண்பரின் ஆதாரில் ஒரு விதமாகவும், மின்கட்டண அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருந்ததைச் சரிசெய்யவே மூன்று மாதங்கள் ஓடிவிட்டன.

காகிதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று அவர் சலித்துக்கொண்டபோது தலீப் சிங் சௌந்தின் கதையைச் சொன்னேன். 1899-இல் பஞ்சாபில் பிறந்து, 1920-இல் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்று, கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற பிறகும் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்து பிழைத்தவர் அவர். இந்தியர்கள் அந்நாட்டுக் குடியுரிமை பெறலாம் என்ற சட்டம் 1946-இல்தான் வந்தது. அதற்காகப் போராடியவர்களில் அவரும் ஒருவர். 1949-இல் குடியுரிமை பெற்றார். மறு ஆண்டே வெஸ்ட்மோர்லாந்து என்ற சிற்றூரின் நீதிபதி பதவிக்கு நின்று வென்றார். ஆனால் தேர்தல் நாளில் அவர் குடியுரிமை பெற்று ஓராண்டு நிறைந்திருக்கவில்லை என்று சொல்லி அந்தப் பதவியைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அவர் ஊரை விட்டுப் போகாமல் 1952-இல் அதே பதவிக்கு மீண்டும் நின்று வென்றார்; 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் ஆசியர் ஆனார். ஒரு தேதிக் கணக்கு இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிட்டது என்றதும் நண்பர் மறுபேச்சின்றிப் படிவத்தை எடுத்தார்.

அடுத்தது சேவை. இதில் சீக்கியர்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஊருக்கு ஏற்றபடி செய்யும் பக்குவம் வேண்டும். சீக்கியர் கோயிலில் எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் லங்கரில், வந்தவர்களை ஒரே வரிசையில் தரையில் அமர்த்துவதைப் பங்கத் என்கிறார்கள்; நம்முடைய பந்தியும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். நண்பர் முதல் ஆண்டு சித்திரைத் திருவிழாவில், அழகரின் எதிர்சேவை நாளன்று, தல்லாகுளத்தில் சூடான ரொட்டியும் பருப்பும் கொடுத்தார். அந்த வெயிலில் மரியாதைக்கு வாங்கிக்கொண்டவர்களே அதிகம். மறு ஆண்டு நீர்மோருக்கும் தயிர்சாதத்துக்கும் மாறினார். வரிசையை மட்டும் விடவில்லை. சாமியானாவின் கீழ்ப் பாய் விரித்து, வந்தவர்களை உட்காரவைத்து, குனிந்து குனிந்து பரிமாறினார். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அப்பத்தா ஒருவர் அவரை நிமிர்ந்து பார்த்து, "உக்காரச் சொல்லிக் குடுக்குறவுகள இப்பத்தான்யா பாக்குறேன்" என்றார். பந்தல் போடும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். முடிந்த பிறகு தொன்னைகளையும் காகிதக் கோப்பைகளையும் நீங்களே அள்ள வேண்டும். மோர் கொடுத்த கையை எல்லோரும் மறந்துவிடலாம், குப்பையைப் போட்டுவிட்டுப் போனவரைத் தெரு மறக்காது. கட்சித் துண்டும் உங்கள் படம் போட்ட பதாகையும் அங்கே வேண்டவே வேண்டாம்.

பந்தலில் முகம் பழகியவுடன் தெருவின் குறைகள் தாமாகவே உங்களிடம் வரத் தொடங்கும். அவற்றை மனுவாக எழுதுவதே உண்மையான அரசியல் பயிற்சி. "தெருவிளக்கு எரியவில்லை" என்று எழுதினால் பயனில்லை. கம்பத்தின் எண், எதிர்வீட்டுக் கதவு எண், எத்தனை நாளாக எரியவில்லை என்பது மூன்றும் இருக்க வேண்டும். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மாநகராட்சியில் நகராத விஷயத்தைத் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு இருக்கிறது. 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். வார்டுகளில் அந்தந்தப் பகுதி வாக்காளர்களின் கூட்டமான பகுதி சபா கூடும்போது தவறாமல் போய் உட்காருங்கள். முதல் இரண்டு கூட்டங்களில் பேசாமல் கேட்பது நல்லது. நகரத்துக்கு வெளியே, ஊராட்சியில் குடியிருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. அது ஆண்டுக்கு ஆறு முறை கூடும்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மதுரையில் வார்டு அரசியல் சாதிக் கணக்கைப் பார்க்கும். வெளியூர்க்காரருக்குச் சொந்தச் சாதி ஓட்டு இல்லை என்பது குறைதான். எந்தத் தெருவுக்கும் அவர் பகையாளி இல்லை என்பது அதே காரணத்தால் கிடைக்கும் பலம். ஆகவே கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பது போன்ற வழக்குகளில் எந்தப் பக்கமும் சாயாதீர்கள். தலைப்பாகையைப் பற்றிக் கிண்டல் வரும். எங்கள் தெருப் பையன்கள் நண்பரைப் பிரியாணிக் கடைப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். நீதிபதியானால் உங்கள் நீதிமன்றத்துக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வர வேண்டுமா என்ற பொருளில் சௌந்தையும் ஒருவர் சீண்டினார். தலைக்கு மேல் இருப்பது பற்றி எனக்குக் கவலையில்லை, உள்ளே இருப்பதுதான் முக்கியம் என்று அவர் சிரிப்போடு பதில் சொன்னார். நண்பர் வேறு வழியில் போனார்: சிறுவர்களைக் கடைக்குள் அழைத்து, ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமுள்ள துணியை விரித்துக் காட்டி, ஒருவன் தலையில் கட்டியும் விட்டார். அதன் பிறகு அவர் அவர்களுக்குச் "சிங் மாமா" ஆனார்.

வெளியூர்க்காரர் என்ற சொல் எத்தனை காலம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நண்பர் ஒரு முறை கேட்டார். அதற்கு நான் சொன்னது இதுதான்: நாயக்கர் காலத்தில் குடியேறிய சௌராஷ்டிரர்கள் வீட்டில் இன்றும் தம் மொழியைப் பேசுகிறார்கள்; மதுரை காந்தி என்று ஊரே அழைத்த என்.எம்.ஆர். சுப்பராமன் அந்தச் சமூகத்தவர், 1962-இல் மதுரையின் மக்களவை உறுப்பினராகத் தேர்வானவர்.

போட்டியிடும் எண்ணம் வந்தால், வயது 21 நிறைந்திருக்க வேண்டும், மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு இருப்பதால் உங்கள் வார்டு மகளிர் வார்டாக அறிவிக்கப்படலாம். அப்போது மனைவியின் பெயரில் நின்று கணவர் ஆள்வது என்ற பழக்கத்துக்குப் போகாமல், இன்றிலிருந்தே அவரும் சபாவுக்கு வரட்டும். நண்பரின் மனைவி கடந்த கூட்டத்துக்கு வந்திருந்தார். அணைந்து கிடக்கும் விளக்குக் கம்பத்தின் எண்ணைப் பஞ்சாபி மொழியின் குர்முகி எழுத்தில் உள்ளங்கையில் குறித்துக்கொண்டு வந்து, தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னார்.